இரண்டு வீட்டாரும் அறியாத உறவினர்

1

சென்ற வாரம் அக்காவிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. "செல்வா, ஜெனி கல்யாணமாகி வர்ற மாசத்தோட ஒரு வருசம் ஆவுதுடா. ஸ்டேட்டஸ்ல வெக்கறதுக்கு நல்லதா ஒண்ணு பண்ணி உடு. எல்லா மூஞ்சியும் நம்ம மூஞ்சியாவே இருக்கட்டும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். பின்னால் மச்சான் சிரிப்பதும் கேட்டது.

நானும் இங்கே தனியாக உட்கார்ந்து சிரித்தேன். போன வருடம் இதே சமயம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கதையை எழுதிவிடலாம் என்று தோன்றியது. பேசச் சொன்னால் எனக்கு வராது.

நான் கோத்தகிரிக்காரன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பாபு அண்ணன் வைத்திருக்கும் அச்சுக்கடையில் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, தேயிலைப் பாக்கெட்டுக்கு லேபிள், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் கணினியில் வடிவமைக்க அங்கேதான் பழகினேன். என் மனைவி லீமா நர்ஸ். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவளோடு நானும், அப்போது சின்னப் பெண்ணாக இருந்த மகள் அனிட்டாவும் வந்து சேர்ந்தோம். பன்னிரண்டு வருடம் ஆகிறது. மேற்குக் கரையில் ஒரு சிற்றூர். மழையும் மூட்டமும் நம் மலையில் இருப்பதுபோலவேதான். தேயிலைச் செடி இருக்க வேண்டிய சரிவில் செம்மறி ஆடுகள் நிற்கும், அவ்வளவுதான்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். வெளிநாட்டில் அது ஒரு வசதி. ஆங்கிலம் வராமல் பேசாதிருப்பதையும் கூச்சத்தால் பேசாதிருப்பதையும் இங்கே யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அமைதியான மனிதர் என்று சொல்லிவிடுகிறார்கள்.

2

வீட்டின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி. அதுதான் என் தொழிலிடம். இந்திய மளிகைக் கடையின் சலுகைத் தாள், தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் அறிவிப்பு, உணவகங்களின் மெனு. ஊரில் முகூர்த்த நாட்கள் வந்தால் பாபு அண்ணன் தன் கடையில் தாங்காத பேனர் வேலைகளை எனக்கு அனுப்புவார். முதலாளி கிடையாது, லீவும் கிடையாது. ஊரில் இதை யாரும் நம்புவதில்லை. யார் போன் செய்தாலும் முதல் கேள்வி, "லீவு கெடைக்கலையா?" என்பதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் வேலைகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கின. யாரும் சண்டை போட்டு நிறுத்தவில்லை. எங்கள் மாவட்டத்து ஓவேலியிலிருந்து வந்து இங்கே உணவகம் நடத்தும் வர்கீஸ் சேட்டன்தான் முதலில் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவர் பேச்சில் மலையாளம் கலந்து வரும்.

"செல்வா, கோவப்படாதே கேட்டோ. இந்தத் தடவை மெனு நானே ஆக்கிட்டேன். போன்ல என்ன வேணும்னு சொன்னேன், ஏ.ஐ. அதுவே வரைஞ்சு தந்துச்சு."

பார்த்தேன். பிரியாணித் தட்டிலிருந்து ஆவி எழுந்து எழுத்துகளுக்குப் பின்னால் போயிற்று. நான் அப்படிச் செய்ய மூன்று நாள் ஆகியிருக்கும்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

"நல்லாத்தானே இருக்கு? பின்ன மூஞ்சி ஏன் இப்படி? இரி, ரெண்டு பரோட்டா தின்னுட்டுப் போ."

பரோட்டாவும் நன்றாகத்தான் இருந்தது. அவர்மேல் எனக்கு இன்றும் வருத்தமில்லை. சின்னக் கடை நடத்துகிறவர் வேறு என்ன செய்வார்?

நாமும் ஏ.ஐ. படித்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். அனிட்டா கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவள்தான் ஆசிரியை. முதல் நாள் நான் தட்டியதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதிய ஆங்கிலம்தான் எனக்குத் தெரிந்தது. மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கியிருந்தேன்.

"அப்பா, அதுக்கு சார் எல்லாம் போட வேண்டாம். ஃப்ரெண்டுகிட்ட சொல்ற மாதிரி சும்மா சொல்லு."

"எனக்கு ஃப்ரெண்டுகிட்டயே பேச வராதே."

"அதான் ப்ராப்ளமே" என்றாள்.

மாதாமாதம் சந்தா கட்டினேன். இந்த மாதம் பழகியது அடுத்த மாதம் வேறு இடத்தில் வேறு பெயரில் இருக்கும். காலையில் லீமா வேலைக்குப் போனதும் பாட வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். ஆனாலும் அது செய்வதைப் பார்த்தபோது எனக்கு நன்றிதான் தோன்றியது. பேனருக்காக ஒரு பெண்ணின் படத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்க வேண்டுமானால், காற்றில் பறக்கும் முடியை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். என் கண்ணாடியின் கனம் ஏறியது அந்த வேலையில்தான். அதை இது ஒரு நொடியில் செய்தது. ஓடுகிற பஸ்ஸில் ஒருவழியாகத் தொற்றி ஏறிவிட்டேன் என்று நினைத்தேன்.

3

அக்கா ஸ்டெல்லாவின் ஒரே மகள் ஜெனி. நான் அவளுக்குத் தாய்மாமன். கல்யாணம் கோத்தகிரியில். லீமாவுக்கு இல்லத்தில் விடுப்பு கொடுத்துவிட்டார்கள். எனக்கும் அனிட்டாவுக்கும் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போட்டிருந்தது. புது அட்டை வராமல் வெளியே போனால் திரும்பி உள்ளே வருவது சிக்கல். தினமும் காலையில் மின்னஞ்சலைத் திறப்பேன். 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்ற வரிக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு பாதியில் நின்றிருக்கும். அந்தக் கோடு நகரவே இல்லை. லீமாவும் எங்களை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றுவிட்டாள்.

அக்காவிடம் அட்டையைப் பற்றி விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "மொத்தத்துல லீவு கெடைக்கல" என்றாள்.

"பேனர் நானே பண்ணித் தர்றேன்க்கா" என்றேன். வர முடியாத தாய்மாமன் வேறு எதைச் செய்வது?

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காமல் போகலாம். எங்கள் பக்கம் கல்யாண பேனர் என்றால் மணமக்கள் படம் மட்டுமல்ல. உச்சியில் மாதா படம், அதற்குக் கீழே இறந்துபோன பெரியவர்கள், இரண்டு பக்கமும் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் வரிசையாக. ஒவ்வொரு முகமும் ஒரு மரியாதை. ஒரு முகம் விட்டுப்போனால் ஓர் உறவு விட்டுப்போகும். யாருடைய தலை பக்கத்துத் தலையைவிடச் சிறிதாக இருக்கிறது என்று விரலால் அளந்து பார்ப்பவர்களும் உண்டு. மலையில் பிளாஸ்டிக்குக்குக் கெடுபிடி என்பதால் பாபு அண்ணன் துணியில்தான் அச்சடிப்பார்.

இந்த பேனரில் ஒரு முகம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அந்தோணி சித்தப்பா. அப்பாவின் தம்பி. கீழ் கோத்தகிரியில் எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் விட்டுப்போயிற்று. அச்சில் நடந்த தவறுதான். ஆனால் அப்பா அதைச் சொல்லாமல், "பேரு போட்டாத்தான் தம்பி வருவானாமா?" என்று கேட்டுவிட்டார். அன்று நின்ற போக்குவரத்து இருபது வருடத்துக்கு மேல் அப்படியே நின்றது. அப்பாவின் அடக்கத்துக்கு வந்தார், கல்லறைத் தோட்டத்தின் கேட் அருகே நின்றார், யாரிடமும் பேசாமல் போய்விட்டார் என்று அக்கா சொன்னாள்.

ஜெனிதான் துணிந்து பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். பத்திரிகையில் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாராம். "வாரேன் கண்ணு" என்றாராம். அன்றைக்கு அக்கா போனில் அழுதாள். "அப்பனும் இல்லை, அம்மாளும் இல்லை. அப்பன் எடத்துல அவருதான்டா வந்து நிக்கோணும். பேனர்ல அவரு மூஞ்சி நல்லா பெருசா இருக்கோணும்."

4

முகங்களை அனுப்பினார்கள். சித்தப்பாவின் படம் என்று கிடைத்தது ஒன்றே ஒன்று. அப்பாவின் அடக்கத்தில் யாரோ எடுத்தது. தூரத்தில் கேட் அருகே, பனிமூட்டத்தில், விரல்நகம் அளவுக்கு ஒரு முகம். பழைய நாளாக இருந்தால் வேறு படம் வேண்டும் என்று கேட்டு அடம்பிடித்திருப்பேன். இப்போதுதான் கையில் புதுக் கருவி இருக்கிறதே. தெளிவாக்கித் தா என்று கொடுத்தேன்.

ஒரு நிமிடத்தில் தந்தது. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, நிறைந்த கன்னம், ஒழுங்கான பல்வரிசை. உள்ளூரில் இருந்திருந்தால் இது யார் என்று அந்த நொடியே கேட்டிருப்பேன். நான் அவரை நேரில் பார்த்தே அத்தனை வருடம் ஆகிவிட்டது. வயது மனிதரை மாற்றும், சித்தப்பா நன்றாகத்தான் இருக்கிறார் போல என்று சந்தோஷப்பட்டேன். அந்த முகத்தை அப்பாவின் படத்துக்கு நேர் கீழே, பெரிதாக வைத்தேன். பெயர்களை முகங்களோடு சேர்க்காமல் பேனரின் அடியில் தனி வரிசையாகப் போட்டேன்; அதில் தாய்மாமன் என்று எனக்குப் பெயர் மட்டும். என் படத்தை நான் எதிலும் வைத்துக்கொள்வதில்லை.

அக்கா சமையல்காரரோடு பேசிக்கொண்டே மாதிரியைப் போனில் பார்த்து, "சூப்பர்டா" என்றாள். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பே மாதா கோயில் மண்டபத்து வாசலில் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா மண்டபம் பார்க்க வந்திருக்கிறார். பேனரைப் பார்த்துவிட்டு அக்காவிடம், "ஏனுங்க, அந்த வெள்ளைச் சட்டை அண்ணன் உங்களுக்கு என்ன முறைங்க? நெம்ப லட்சணமா இருக்கறாரு" என்றிருக்கிறார்.

அக்கா பார்த்திருக்கிறாள். "அவரு உங்க பக்கத்து ஒறம்பரை இல்லீங்களா?"

"எங்க பக்கமா? இல்லீங்களே. காலையில பேனர் போட்டோ போன்ல வந்ததுல இருந்து எங்கூட்டுல அவருக்கு எந்த ரூம் போடறதுன்னு பேசிட்டிருந்தமுங்க."

பாபு அண்ணனோ கட்டும்போதே கவனித்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வருகிற பெரிய மனிதர் போல என்று நினைத்து, ஏணியில் ஏறி அந்த முகத்தின் சுருக்கத்தை மட்டும் தனியாக நீவி விட்டிருக்கிறார்.

அக்கா என்னை அழைத்தபோது கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அன்னிக்குப் பேரு உட்டுப் போச்சு. இன்னிக்கு மூஞ்சி உட்டுப் போச்சு. நாளன்னிக்குச் சாயந்தரம் வந்து அந்த வாசல்ல நிப்பாரு செல்வா. நான் என்னன்னு சொல்லட்டும்?"

அனிட்டாவிடம் காட்டினேன். அவள் பேனரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "எனக்கு இதுல பாதிப் பேரைத் தெரியாதுப்பா. இவரும் ஒரு அங்கிள்னுதான் நினைச்சேன்."

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் என்னை எங்கேயோ குத்தியது. இயந்திரம் செய்த மனிதனும் என் சொந்தக்காரர்களும் அவளுக்கு ஒரே தூரத்தில் நிற்கிறார்கள்.

5

பாபு அண்ணனிடம் கேட்டேன். "அதே துணியில ஒரு துண்டு அடிச்சு, டெய்லரை உட்டு மேல வெச்சுத் தெச்சுடலாம் சாமி. அரை நாள் வேலை. ஆனா படம் வேணுமே. நெசமான படம்."

சித்தப்பாவின் நிஜமான படம் சித்தப்பாவிடம்தான் உண்டு. அக்கா கேட்டால் ஏன் என்று கேட்பார். "மாமா, நீங்களே பேசுங்க. சின்ன அப்பிச்சி கடிச்சுத் திங்க மாட்டாரு" என்று ஜெனி தன் சின்னத் தாத்தாவின் எண்ணை அனுப்பினாள்.

எண்ணைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். பிறகு, வெட்கமாக இருக்கிறது சொல்ல, அந்தக் கருவியிடமே போனேன். ஒரு பெரியவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். பிழையில்லாத தமிழில் நீளமாக எழுதிக் கொடுத்தது. 'மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம்.' அனிட்டாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"ஃப்ளைட் லேட்டானா இப்படித்தான் சொல்வாங்க" என்றாள். "சும்மா கால் பண்ணுப்பா. நான் பக்கத்துல இருக்கேன்."

இங்கே மதியம், அங்கே சாயங்காலம். வீடியோ அழைப்பு போட்டேன். திரையில் முதலில் தெரிந்தது ஒரு காது.

"ஆருங்க?"

"சித்தப்பா, நான் செல்வா பேசறனுங்க."

"எந்தச் செல்வா?"

"உங்க அண்ணன் மகனுங்க. அயர்லாந்துல இருந்து."

காது அசையவில்லை.

"போனை மூஞ்சிக்கு நேராப் புடிங்க சித்தப்பா. இது வீடியோங்க."

கூரை ஓடு தெரிந்தது, பிறகு குண்டு பல்பு, பிறகு முகம். ஒட்டிய கன்னம், வெள்ளை மீசை, காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாய். நடுவில் அப்பாவின் மூக்கு. நான் செய்த மனிதரிடம் அந்த மூக்கு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஏன்டா, உனக்கு இப்பிடித் தலை நரைச்சுப் போச்சு?" இத்தனை வருடம் கழித்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"வயசாச்சுங்க சித்தப்பா. ஒரு தப்பு நடந்து போச்சுங்க."

"கல்யாணம் நின்னு போச்சா?"

"இல்லீங்க, இல்லீங்க. பேனர்ல உங்க மூஞ்சி வரலீங்க."

அவர் உதடு இறுகியது. நான் பயந்தது அந்த இறுக்கத்துக்குத்தான். "பேரு?" என்றார்.

"பேரு இருக்குதுங்க. நானே அடிச்சனுங்க. மூஞ்சிதான் வேற ஒருத்தர் மூஞ்சியாப் போச்சு."

"ஆரு மூஞ்சி?"

"ஆரோடதும் இல்லீங்க. கம்ப்யூட்டரே ஒருத்தரைப் பண்ணிப் போட்டுருச்சுங்க. உங்களைப் பாத்து நாளாச்சுங்களா, நீங்கதான்னு நெனச்சு நானும் உட்டுட்டனுங்க."

பேனர் படத்தை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அதைத் திறந்து பார்க்கிறவரை அவர் பக்கம் திரை உறைந்து நின்றது. அனிட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு.

"இவன் எவன்டா, எஸ்டேட்டு வாங்க வந்தவனாட்டம் நிக்கறான்! பல்லைப் பாரு. எனக்கு மேல ரெண்டு பல்லு இல்லை, தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க."

"தெரியாதில்ல? பொறகு எப்பிடிச் செரியாப் போடுவ?" அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பேனரில் ஒவ்வொரு முகமாகத் தேடினார். "உம் மூஞ்சி எங்கடா இதுல?"

"நான் வெக்கலீங்க. பேரு மட்டும் போட்டிருக்கறனுங்க."

"தாய்மாமன் மூஞ்சி இல்லாத பேனரை எந்த ஊர்லடா பாத்த?"

"கூச்சமுங்க சித்தப்பா."

"கூச்சமா! உங்கப்பன் எம் பேரை உட்டுப்போட்டான்னு நான் இத்தன வருசம் வராம இருந்தேன். நீ உன்னைய நீயே உட்டுப்போட்டு உக்காந்திருக்கற. உனக்கோசரம் ஆருடா சண்டைக்கு வருவா?"

அனிட்டா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஹாய் தாத்தா" என்றாள்.

"இது ஆரு?"

"எம் பொண்ணுங்க."

"அடடே, தங்கம்! நல்லா இருக்கறயா சாமி? உங்கப்பனுக்கு வாய்ல கொழுக்கட்டை. நீயாச்சும் பேசு."

அவள் பேசினாள். பாதித் தமிழ், பாதி இந்த ஊர் ஆங்கிலம். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான், "அப்பிடியே இருங்க சித்தப்பா, இதையே படமா எடுத்துக்கறனுங்க. குல்லாயை மட்டும் கழட்டறீங்களா?" என்றேன்.

"குளுருதுடா. குல்லா இருக்கட்டும். குல்லா போட்டவனைத்தான் ஊருக்குத் தெரியும்."

அழைப்பு முடிந்ததும் அனிட்டா, "அவருக்கு உன் மூக்குப்பா" என்றாள்.

6

திரையில் பிடித்த படத்தை மேசையில் திறந்தேன். முகத்தின் ஒரு பக்கம் பல்பின் மஞ்சள், மறு பக்கம் இருட்டு. எந்தப் பாட வீடியோவும் இதை நல்ல படம் என்று ஒத்துக்கொள்ளாது. சரிசெய்யட்டுமா என்று கருவி தானாகவே கேட்டது. வேண்டாம் என்று மூடினேன். மேல்மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. வீடியோ அழைப்பில் நாம் தெரிகிற கட்டம். அதில் நரைத்த தலையோடு நான், என் தோளருகே அனிட்டாவின் பாதி முகம். கட்டத்தை வெட்டுவதற்காகக் கோட்டை இழுத்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் கை நின்றது. அப்படியே பாபு அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன்.

உடனே கூப்பிட்டார். "செல்வா, மேல ஒரு சின்னக் கட்டம் இருக்குது. அறுத்துடட்டுமா?"

"வேண்டாமுங்கண்ணா. இருக்கட்டும்."

"இருக்கட்டுமா?" என்றார். "நெசமா நீதான் பேசறயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

டெய்லர் துண்டை மேலே வைத்துத் தைத்தார். முகத்தை மட்டும்தான் மறைக்க முடிந்தது. கழுத்துக்குக் கீழே அந்த யாருமில்லாதவரின் வெள்ளைச் சட்டை அப்படியே இருந்தது.

எங்கள் அட்டை கல்யாணம் முடிந்து சில வாரங்கள் கழித்து வந்தது. வேலைகள் இன்னும் வருவதும் போவதுமாகத்தான் இருக்கின்றன. நானும் தினமும் காலையில் கருவியிடம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். முகம் தெளிவில்லாமல் வந்தால் மட்டும் இப்போது போன் செய்கிறேன். மணி ஒலிக்கும்போது சொல்ல வேண்டியதை இன்னும் வாய்க்குள் ஒத்திகை பார்ப்பேன்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் அக்கா எடுத்த வீடியோவை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு ஜீப் வந்து நிற்கிறது. சித்தப்பா இறங்குகிறார், வேட்டி, கோட்டு, அதே குல்லாய். அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடிக்கிறாள், படம் ஆடுகிறது. அவர் நேராக பேனரின் கீழே போய் அண்ணாந்து நிற்கிறார். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் வந்து, "ஏனுங்க, இது நீங்களுங்களா?" என்று கேட்கிறார்.

"சட்டை ஆருதோ தெரியாதுங்க. மூஞ்சி என்னுது." கைத்தடியை உயர்த்தி மூலையில் தொடுகிறார். "இந்தக் கட்டத்துல எட்டிப் பாக்கறான் பாருங்க, இவன்தான் பொண்ணுக்குத் தாய்மாமன். எங்கண்ணன் மகன். பக்கத்துல பாதி தெரியறது எம் பேத்தி."

"அவிய வரலீங்களா?"

"எங்கீங்க," என்கிறார் சித்தப்பா, எனக்காக மிகவும் வருத்தப்பட்டு. "லீவு கெடைக்கலீங்க."